ஒரே பெட்டிக்குள் பல கருவிகள்: வலையமைப்பு வன்பொருள் பற்றித் திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, தம்பலகாமம் போன்ற அயல் ஊர்களிலும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் சிறு விடுதிகளுக்கும் கணினி வலையமைப்புப் பொருத்திக் கொடுப்பது என் தொழில். வேலை முடிந்து தேநீர் குடிக்கும் வேளையில் வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. வாசலில் நின்றபடி சொல்லும் பதில் அரைகுறையாகவே அமைந்துவிடுவதால், அவற்றை ஆறுதலாக எழுதிவைக்க எண்ணினேன்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பெட்டி. மகன் அதை ரவுட்டர் என்கிறான், பொருத்த வந்தவர் ஓ.என்.டி. என்றார், அயலவர்கள் வைஃபை என்கிறார்கள். எது சரியான பெயர்?

மூவரும் சொல்வது சரி. ஆனால் ஒவ்வொருவரும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் வெவ்வேறு உறுப்பின் பெயரைச் சொல்கிறார்கள். வெளியிலிருந்து வரும் ஒளியிழையில் உள்ள ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றுகின்ற பகுதி ஓ.என்.டி.; உங்கள் வீட்டு வலையமைப்பையும் வெளியுலக இணையத்தையும் இணைத்து, எந்தத் தரவு எங்கே போகவேண்டும் என்று தீர்மானிப்பது ரவுட்டர்; பின்பக்கத்தில் வரிசையாக இருக்கும் நான்கு துளைகளுக்குப் பின்னால் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறது; அன்டனாக்கள் வழியாகக் கம்பியின்றிக் கைபேசிகளைச் சேர்ப்பது அக்சஸ் பொயின்ட். பெரிய அலுவலகங்களில் இந்த நான்கும் நான்கு தனிக் கருவிகளாகவே இருக்கும். வீட்டுக்கு ஒன்று போதும் என்று தயாரிப்பாளர்கள் அவற்றை ஒரே உறைக்குள் அடக்கியதால்தான் பெயர்க் குழப்பம் வந்தது.

இது வெறும் பெயர்ப் பிரச்சினை என்று எண்ணவேண்டாம். நான்கில் எது பழுதானது அல்லது எது போதவில்லை என்று பிரித்தறியத் தெரியாதபோதுதான், பின்னறையில் வைஃபை எட்டாத ஒருவர் மாதக் கட்டணம் கூடிய பொதிக்கு மாறிவிட்டு, அங்கே அதே நிலைமை நீடிப்பதைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறார்.

அப்படியானால் மொடெம் என்பது இப்போது இல்லையா?

இருக்கிறது, ஆனால் குறைந்துவருகிறது. செம்புத் தொலைபேசிக் கம்பியில் தரவை ஏற்றுவதற்காக அலையைப் பண்பேற்றி அனுப்பி, மறுமுனையில் பண்பிறக்கிப் பெறுவது மொடெமின் வேலை. ஆங்கிலத்தில் அவ்விரு செயல்களின் பெயர்களை வெட்டி ஒட்டியதே அச்சொல். செம்புக் கம்பியில் வந்த ஏ.டி.எஸ்.எல். இணைப்பின் மேம்பட்ட வகையும் தரவிறக்கத்தில் வினாடிக்கு 24 மெகாபிட்டுக்கு மேல் கொடுக்காது. அதுவும் தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து வீடு விலக விலகக் குறைந்துகொண்டே போகும். சிம் அட்டை போட்டுப் பாவிக்கும் 4ஜி பெட்டிக்குள்ளும் ஒரு மொடெம் உண்டு. அது கம்பிக்குப் பதிலாகக் கோபுரத்தோடு பேசுகிறது.

ஒளியிழை இணைப்பில் அந்த இடத்தை ஓ.என்.டி. பிடித்துக்கொண்டது. வீடுகளுக்கு வரும் ஒளியிழையில் பரவலாக உள்ள ஜிபொன் முறையில், நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை, மின்சாரமே தேவைப்படாத கண்ணாடிப் பிரிப்பான் ஒன்றினால் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கப்படுகிறது. கீழிறங்கும் திசையில் வினாடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட், மேலேறும் திசையில் 1.25 கிகாபிட் என்ற மொத்த அளவை அவ்வீடுகள் யாவும் பகிர்ந்துகொள்கின்றன. ஒளிக்கு நிலையத்திலும் உங்கள் வீட்டிலும் மட்டுமே மின்சாரம் வேண்டும். ஆகவே மின்வெட்டின்போது ஓ.என்.டி. பெட்டிக்கு 12 வோல்ற்றுச் சிறு மின்கல வசதி ஒன்றை வைத்திருந்தால் இணையம் தொடர்ந்து கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 2022இல் நீண்ட மின்வெட்டுகளைக் கடந்துவந்த நமக்கு இது சிறிய விடயமல்ல.

கடையில் பழைய ஹப் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. சுவிட்சுக்குப் பதிலாக அதை வாங்கலாமா?

வேண்டாம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்; உள்ளே நடப்பது முற்றிலும் வேறு. ஹப்புக்கு ஒரு துளையில் வரும் சமிக்ஞையை மற்ற எல்லாத் துளைகளிலும் அப்படியே திருப்பிச் சொல்ல மட்டுமே தெரியும். ஒரு கணினி அனுப்பும்போது மற்றவை காத்திருக்கவேண்டும். இரண்டு ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டின் சமிக்ஞையும் மோதிக் கெட்டுவிடும். பிறகு இரண்டும் சற்றுப் பொறுத்து மீண்டும் முயலவேண்டும்.

கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முன் துறையில் பாதைக்கு, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவைக்கு, காத்திருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாதை இக்கரையிலிருந்து புறப்பட்டுவிட்டால் அக்கரையில் நிற்பவர் அது வந்து சேரும்வரை நின்றே ஆகவேண்டும். அவசரம் யாருக்கு என்று அதற்குத் தெரியாது. 2009இல் பாலம் திறந்தபின் இரு திசை வாகனங்களும் ஒன்றையொன்று மறிக்காமல் ஒரே வேளையில் போய்வருகின்றன. சுவிட்ச் செய்வது அதைத்தான்: ஒவ்வொரு துளைக்கும் தனிப்பாதை, அப்பாதையிலும் போக்கும் வரவும் ஒரே நேரத்தில்.

கேபிள் வழியாகக் கணினிகளை இணைக்கும் முறையான ஈதர்நெட் 1973இல் அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் உருவானபோது எல்லாக் கணினிகளும் ஒரே தடித்த கேபிளைப் பகிர்ந்துகொண்டன. அந்தப் பகிர்வின் பிற்காலப் பிள்ளையே ஹப். 1990ஆம் ஆண்டளவில் ஈதர்நெட் சுவிட்சை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனத்தின் பெயர் கல்பனா. அதை நிறுவியவர்களில் ஒருவரான இந்திய வம்சாவளியினர் வினோத் பரத்வாஜ் தம் மனைவியின் பெயரையே நிறுவனத்துக்குச் சூட்டினார். பின்னர் 1994இல் வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. இன்றைக்கு ஐந்து துளைச் சுவிட்சே மலிவாகிவிட்ட நிலையில், ஹப்பைக் காட்சிப் பொருளாக வைத்திருக்கலாம்.

தமிழில் சுவிட்சை ஆளி என்று எழுதுவது வழக்கம். மின்குமிழைப் போட்டு அணைப்பதற்கும் நாம் அதே சொல்லைச் சொல்வதால், புதியவர் ஒருவரிடம் 'ஆளியைப் பாருங்கள்' என்றால் அவர் சுவரைப் பார்க்கிறார். ஆகவே இங்கே சுவிட்ச் என்றே எழுதுகிறேன்.

எந்தக் கணினி எந்தத் துளையில் இருக்கிறது என்று சுவிட்சுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒவ்வொரு வலையமைப்பு அட்டைக்கும் 48 பிட் நீளமான மேக் முகவரி ஒன்று தொழிற்சாலையிலேயே இடப்படுகிறது. ஒரு கணினி முதன்முதலாக ஏதாவது அனுப்பியதும், அனுப்பியவரின் முகவரியைச் சுவிட்ச் வாசித்து, 'இம்முகவரி மூன்றாம் துளையில்' என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பெறுநர் எங்கே என்று தெரியாதபோது மட்டும் எல்லாத் துளைகளிலும் அனுப்பிப் பார்க்கிறது. பதில் வந்ததும் அந்த இடத்தையும் கற்றுக்கொள்கிறது. புதிதாக வந்த தபாற்காரர் முதல் வாரத்தில் வீடு வீடாக விசாரிப்பதும், பிறகு விசாரிக்காமலேயே போடுவதும் போன்றது இது.

இந்தக் கற்றலில் ஒரு பலவீனம் உண்டு. ஒரு தனியார் வகுப்பில் பிள்ளை ஒன்று, சுவிட்ச் ஒன்றிலிருந்து சும்மா தொங்கிய கேபிள் முனையைக் கண்டு, அது கழன்றுவிட்டது என்று எண்ணி அதே சுவிட்சின் இன்னொரு துளையில் நல்லெண்ணத்தோடு செருகிவிட்டது. சில வினாடிகளில் இருபது கணினிகளும் இணைப்பை இழந்தன. எல்லாருக்கும் என்று அனுப்பப்பட்ட தரவு அந்த வளையத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகி, சுவிட்சின் முழுத் திறனையும் விழுங்கிவிட்டது. இணையத்தில் தரவு போகும் துண்டுகளான ஐ.பி. பொதிகளுக்கு, இத்தனை ரவுட்டர்களைத் தாண்டியபின் அழிந்துவிடவேண்டும் என்ற ஆயுள் எண் உண்டு. சுவிட்ச் கையாளும் தரவுத் துண்டான ஈதர்நெட் சட்டகத்துக்கு அப்படி ஒன்று இல்லாததால் அது தானாக ஓய்வதில்லை. வளையத்தைக் கண்டறிந்து ஒரு பாதையை மூடிவைக்கும் முறையை 1985இல் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ரேடியா பேர்ல்மன் வகுத்தார். ஆனால் மலிவுச் சுவிட்சுகள் பலவற்றில் அது இல்லை. கேபிளின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டிவைப்பதே சிக்கனமான பாதுகாப்பு.

சுவிட்ச் இருக்கும்போது ரவுட்டர் எதற்கு?

சுவிட்ச் ஒரு வளவுக்குள் இருப்பவர்களை மட்டுமே அறியும். வளவுக்கு வெளியே போகவேண்டியதை ரவுட்டரிடம் ஒப்படைக்கவேண்டும். ரவுட்டர் மேக் முகவரியை அல்ல, வலையமைப்பில் சேரும்போது கருவிக்குக் கொடுக்கப்படும் ஐ.பி. முகவரியைப் பார்த்து, இது உள்ளூருக்கா வெளியூருக்கா என்று முடிவெடுக்கிறது. ஐ.பி. நான்காம் பதிப்பில் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான் இருப்பதால், உங்கள் வீட்டின் கைபேசி, தொலைக்காட்சி, மடிக்கணினி எல்லாவற்றுக்கும் 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு முகவரிகளைக் கொடுத்து, வெளியே போகும்போது எல்லாவற்றையும் ஒரே வெளிமுகவரியின் பெயரில் அனுப்புவதும், வரும் பதிலை உரியவரிடம் பிரித்துக் கொடுப்பதும் ரவுட்டரின் வேலைதான்.

முகவரிகளை வழங்கும் இந்தப் பொறுப்பே ஒரு பொதுவான தவறுக்கும் காரணம். மாடியில் வைஃபை வேண்டும் என்று இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கி, அதன் சாதாரணத் துளை ஒன்றில் கீழ்மாடிக் கேபிளைச் செருகிவிடுகிறார்கள். இப்போது ஒரே வீட்டில் முகவரி வழங்குபவர்கள் இருவர். யாரிடம் முகவரி வாங்கினோமோ அதைப் பொறுத்து ஒரு கைபேசியில் இணையம் வரும், மற்றதில் வராது. நாளை மாறியும் வரும். இரண்டாவது பெட்டியை அக்சஸ் பொயின்ட் நிலைக்கு மாற்றிவிட்டால் அல்லது அதன் முகவரி வழங்கும் வசதியை அணைத்துவிட்டு, முதற்பெட்டியின் முகவரியோடு மோதாத வேறு முகவரி ஒன்றை அதற்குக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீரும்.

பிரிட்ஜ், ரிப்பீட்டர், கேட்வே, ஃபயர்வோல் என்பவை என்ன?

பிரிட்ஜ் என்பது இரண்டு துளைகள் மட்டுமே உள்ள சுவிட்சின் மூதாதை. இன்று தனிக்கருவியாக அரிது. ரிப்பீட்டர் தளர்ந்த சமிக்ஞையை மீண்டும் பலப்படுத்தி அனுப்புவது. கேட்வே என்று வீட்டு வலையமைப்பில் சொல்லப்படுவது பெரும்பாலும் ரவுட்டரையே. ஃபயர்வோல் உள்ளே வர முயலும் தொடர்புகளை விதிகளின்படி அனுமதிக்கும் அல்லது மறுக்கும். வீட்டு ரவுட்டருக்குள் அதன் எளிய வடிவம் ஏற்கெனவே இருக்கிறது.

கேபிள் எல்லாம் ஒன்றுதானே? விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது?

எனக்கு அதிக வேலை தருவது கேபிள்தான், ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு முறுக்கிய சோடிகளாக இருக்கின்றன. முறுக்கு அழகுக்கல்ல, வெளியிலிருந்து வரும் மின்காந்தக் குழப்பம் இரு கம்பிகளையும் ஒரே அளவில் தாக்குவதால் மறுமுனையில் அதைக் கழித்துவிட முடிகிறது. கேட் 5இ வகை 100 மீற்றர் வரை வினாடிக்கு 1 கிகாபிட்டைத் தாங்கும். கேட் 6 வகை ஏறத்தாழ 55 மீற்றருக்குள் 10 கிகாபிட்டையும், கேட் 6ஏ வகை முழு 100 மீற்றருக்கும் அதையும் தாங்கும். வீட்டுக்குக் கேட் 5இ போதும். சுவருக்குள் புதைப்பதானால் மட்டும் கேட் 6 போடச் சொல்வேன், ஏனெனில் சுவரை இரண்டாம் முறை உடைக்க யாரும் விரும்புவதில்லை.

விலை வேறுபாட்டின் பெரிய இரகசியம் வேறு. மலிவான சுருள்களில் பல, அலுமினியக் கம்பிக்கு மேல் மெல்லிய செம்புப் பூச்சு பூசியவை. மின்தடை கூடுதலாக இருப்பதுடன், வளைத்தால் எளிதில் முறிந்தும் விடும். சுருளைத் தூக்கிப் பார்த்தாலே எடைக் குறைவு தெரியும். கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். நம் ஊரில் இதோடு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. உவர்மலைக்கும் டொக்யார்ட் வீதிக்கும் நிலாவெளிக் கடற்கரைக்கும் ஒரே காற்றுத்தான். சில ஆண்டுகளில் செருகியின் ஊசிகளில் பச்சைக் களிம்பு படர்வதை நான் அடிக்கடி காண்கிறேன். தங்கப்பூச்சு நன்றாக உள்ள செருகிகளை வாங்குவதும், பாவிக்காத துளைகளைத் தூசு மூடியால் அடைத்துவைப்பதும், வெளிச்சுவரில் போகும் கேபிளை வெயிலையும் ஈரத்தையும் தாங்கும் கறுப்பு உறை வகையாகத் தேர்வதும் இங்கே ஆடம்பரமல்ல.

ஒரு சிறு நோய்க்குறியையும் சொல்லிவிடுகிறேன். 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு சோடிகள் போதும். 1 கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நேற்றுவரை 1000 என்று காட்டிய கணினி இன்று 100 என்று காட்டினால், இணையத்தைக் குறைசொல்வதற்கு முன் செருகியைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கம்பி விட்டிருக்கும். அதேபோல, 300 மெகாபிட் பொதியை எடுத்துவிட்டு 100 மெகாபிட் துளைகள் மட்டுமே உள்ள மலிவு ரவுட்டரைத் தொடர்ந்து பாவிப்பவர், மீதி 200க்கும் வீணாகவே பணம் கட்டுகிறார்.

ஒளியிழையை நாங்களே வீட்டுக்குள் நீட்டலாமா?

வேண்டாம். ஒற்றைமுறை இழையில் ஒளி செல்லும் உள்ளகம் ஏறத்தாழ 9 மைக்ரோமீற்றர் தடிப்பு மட்டுமே. தலைமயிரை விட எத்தனையோ மடங்கு மெல்லியது. கூர்மையாக மடித்தால் ஒளி வெளியே கசியும், முனையில் ஒரு தூசு படிந்தாலும் போதும், இணைப்புத் தளரும். முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதும் ஆபத்து, அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஓ.என்.டி. பெட்டி வேறு அறைக்கு வேண்டுமானால் சேவை வழங்குநரை அழைப்பதே நல்லது. அல்லது பெட்டியை அங்கேயே விட்டு, ஈதர்நெட் கேபிளை நீட்டுங்கள்.

துறைமுக நகரமாயிற்றே, கடலடிக் கேபிள் இங்கேதான் கரையேறுகிறதா என்றும் சிலர் கேட்பதுண்டு. இல்லை, இலங்கையில் அவை கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கங்களில் கரையேறுகின்றன. நம் தரவு தரைவழியே நாட்டைக் குறுக்கே கடந்துதான் கடலுக்குப் போகிறது. கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடுவதால், கொழும்புக்கான 260 கிலோமீற்றர் அளவான தூரத்துக்கு ஒரு மில்லிவினாடிக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். தாமதத்துக்கு அந்தத் தூரத்தைக் குறைசொல்ல முடியாது.

முன் விறாந்தையில் வைஃபை நன்றாக இருக்கிறது, பின்னறையில் இல்லை. ரிப்பீட்டர் வாங்கலாமா?

முதலில் பெட்டியை இடம் மாற்றிப் பாருங்கள். இழை வந்து நுழைந்த மூலையிலேயே, அலுமாரிக்குப் பின்னால், நிலத்தோடு நிலமாகப் பெட்டியைப் பொருத்திவிட்டுப் போவது வழமையாகிவிட்டது. நகரின் பழைய வீடுகளில் சுவர்கள் தடிப்பானவை, புதிய மாடிவீடுகளில் கொங்கிறீற்றுக்குள் இரும்புக் கம்பி. இரண்டையும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை ஓரளவு ஊடுருவும், 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது என்றாலும் விரைவில் களைத்துவிடும்.

மலிவு ரிப்பீட்டர் கேட்பதற்கும் சொல்வதற்கும் ஒரே வானொலிப் பகுதியைப் பாவிப்பதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதையும் சிலர் சமிக்ஞையே இல்லாத பின்னறையில் வைக்கிறார்கள். தனக்கே கேட்காததை அது யாருக்குச் சொல்லும்? பின்னறைவரை ஒரு கேபிளை இழுத்து, அங்கே தனி அக்சஸ் பொயின்ட் வைப்பதே நிரந்தரத் தீர்வு. கேபிள் இழுக்கவே முடியாத வீட்டுக்குத்தான், பல பெட்டிகள் தமக்குள் கம்பியின்றிப் பேசி ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் முறையைச் சொல்வேன்.

நிலாவெளியில் 12 அறைகள் கொண்ட இருமாடி விடுதிக்கு என்னென்ன வேண்டும்?

வரவேற்பறையில் ஓ.என்.டி., அதன்பின் சற்றுத் திறன் கூடிய ரவுட்டர், அதன்பின் 16 துளைகள் கொண்ட, கேபிள் வழியாகவே மின்சாரமும் கொடுக்கும் பொ.இ. சுவிட்ச். மாடிக்கு இரண்டாக நடைக்கூரையில் நான்கு அக்சஸ் பொயின்ட்களும், தேவையான இடங்களில் எட்டுக் கமராக்களும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கேபிள். 2003இல் வந்த முதல் பொ.இ. தரநிலை ஒரு துளைக்கு 15.4 வாற்றும், 2009இல் வந்தது 30 வாற்றும் அனுமதிக்கிறது. ஆனால் சுவிட்சின் மொத்த மின்வலு தனியாக ஓர் எல்லைக்குள் இருக்கும். கருவி ஒன்றுக்கு 10 வாற்று என்று கொண்டாலும் 12 கருவிகளுக்கு 120 வாற்று வேண்டும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் வாங்கிய இடங்களில், இரவில் கமராக்களின் அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் சில கமராக்கள் அணைந்துபோகின்றன.

விருந்தினரின் கைபேசியும் கணக்குப் பதிவுக் கணினியும் ஒரே வலையமைப்பில் இருக்கவே கூடாது. ஒரே சுவிட்சைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பகுக்கும் வீலான் வசதி மூலம் அவற்றைப் பிரிக்க, அமைப்புகளை மாற்றக்கூடிய சுவிட்ச் வேண்டும். சற்று விலை கூடும், ஆனால் இங்கே சிக்கனம் பார்க்கவேண்டாம். கடற்கரையோரக் குடில் 100 மீற்றருக்கு அப்பால் இருந்தால் அங்கே செம்புக் கேபிளைக் கொண்டுபோகாமல், இரு முனைகளிலும் ஒளிமாற்றிகள் வைத்து ஒளியிழை இழுப்பதே நல்லது. தூரம் மட்டும் அதற்குக் காரணமல்ல. அடுத்த கேள்வியிலும் ஒரு காரணம் இருக்கிறது.

மழைக்காலத்தில் ஏன் இத்தனை பெட்டிகள் எரிகின்றன?

இடிமின்னலால். மார்ச், ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பருவக்காற்றுகள் மாறும் இடைவெளியில் மின்னல் கடுமையாக இருக்கும். மின்னல் பெட்டியின் மேல் விழவேண்டியதில்லை. அருகில் விழுந்தாலே நீண்ட செம்புக் கம்பிகளில் பெரிய மின்னழுத்தம் தூண்டப்படும். கட்டடத்துக்குக் கட்டடம் திறந்தவெளியில் போகும் ஈதர்நெட் கேபிள் அதற்கு நல்ல வழி. சுவிட்ச், கணினியின் வலையமைப்பு அட்டை, கமரா என்று வரிசையாகப் பலியாகும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் ஒளியிழை பாதுகாப்பானது. ஆயினும் தூணிலிருந்து வீட்டுக்கு வரும் இழையுறையில் தாங்குகம்பியாக உருக்குக் கம்பி இருக்கக்கூடும், மின்செருகி வழியும் திறந்தே இருக்கிறது. இடி தொடங்கும் முன் மின்செருகியையும் வெளிக்கேபிளையும் கழற்றிவிடுங்கள். ஆளியை மட்டும் அணைத்தால் போதாது. அதன் சிறு இடைவெளியை மின்னல் பொருட்படுத்தாது.

இணையம் நின்றுவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது?

வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். ஓ.என்.டி. பெட்டியில் இழைக் குறைபாட்டைக் காட்டும் விளக்கு சிவப்பாக இருந்தால் உங்கள் கையில் ஒன்றுமில்லை, சேவை வழங்குநரை அழையுங்கள். அது சரியானால், மடிக்கணினி ஒன்றைக் கேபிளால் நேரடியாகப் பெட்டியில் இணையுங்கள். அதில் இணையம் வந்தால் குற்றம் வைஃபையில் அல்லது அதற்கப்பால். பிறகு சுவிட்ச், அதன்பின் சுவர்க் கேபிள், கடைசியாகக் கணினி. ஒவ்வோர் இடத்திலும் துளையருகே உள்ள சிறு விளக்கு மினுங்குகிறதா என்று பாருங்கள்.

மத்திய வீதிக் கடை ஒன்றில் மூன்று மணித்தியாலமாக இணையம் இல்லை என்று அழைத்தார்கள். நானும் கேபிள் சோதனைக் கருவியோடு போய், இந்த ஒழுங்கிலேயே பார்த்துக்கொண்டு போனேன். சுவிட்சில் ஒரு விளக்குக்கூட எரியவில்லை. அதன் மின்செருகி கழற்றப்பட்டு மேசையில் கிடந்தது; அந்த இடத்தில் கேத்தல் செருகப்பட்டிருந்தது.